பட்டியலில் நான்காவது வரி

மார்ச் 3, செவ்வாய்

போன வியாழக்கிழமை போய்ச் சேராத ஃபைலுக்கு இன்று ஆபீஸிலிருந்து கேள்வி வந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் வாங்கி, பெடலைக் காலால் மிதித்து நிறுத்தி நிறுத்தித் தட்டச்சு செய்து, சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். இதுதான் என் பிழைப்பு. மற்ற நாட்களில் ஒழுங்காகத்தான் போகிறது. வியாழக்கிழமையானால் ஐந்து மணிக்கு நெட் படுத்துக்கொள்கிறது. பிப்ரவரியிலிருந்து இதே கூத்து.

ஆபீஸ் சப்போர்ட்டில் இருக்கிற பெண்ணிடம் அழாத குறையாகச் சொன்னேன். "நெட்வொர்க்கைப் பாக்கறதுக்குன்னே ஒரு டூல் இருக்கு மேடம். போட்டுட்டா வீட்டு நெட்ல யார் யார் இருக்காங்கன்னு தெரிஞ்சிடும். நாளைக்குப் போன்லயே போட்டுடலாம்" என்றாள். இந்தக் கவலையும் நாளைக்குத்தான் தீர வேண்டும் என்று இருக்கிறது.

மார்ச் 4, புதன்

ஒரு சின்ன டூலைப் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"டெர்மினல்னு ஒண்ணு இருக்கும் பாருங்க மேடம். கறுப்பா."

இருந்தது. அவள் எழுத்து எழுத்தாகச் சொல்ல, நான் அடித்தேன். முணுமுணு டாக்டர் ஒருவர் வாயைத் திறக்காமலே நுரையீரல் முழுவதையும் வர்ணிப்பார். அவர் பேச்சையே எழுதிவிடும் எனக்கு, இந்தப் பெண் தெளிவாகச் சொன்ன இரண்டு வரி தகராறு செய்தது. இடைவெளி விட வேண்டிய இடத்தில் விடவில்லையாம். பிறகு பாஸ்வேர்ட் கேட்டது.

"அடிக்கிறேன், ஒண்ணுமே விழ மாட்டேங்குதே."

"விழாது மேடம். நட்சத்திரம்கூட விழாது. நம்பி அடிச்சிட்டு என்டர் தட்டுங்க."

கண்ணுக்குத் தெரியாததை நம்பி அடிப்பது எனக்கு ஆகாத காரியம். மூன்று முறை தப்பு. நான்காம் முறை உள்ளே விட்டது. வரி வரியாக ஏதேதோ ஓடியது. கடைசியில் டூல் திறந்தது, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. பார்க்க அனுமதி இல்லையாம். என் வீட்டில், என் கம்ப்யூட்டரில், எனக்கு அனுமதி இல்லை! அதற்கு இன்னொரு வரி. அப்புறம் ஒரு முறை அணைத்து, மறுபடி போட வேண்டும்.

"வீட்ல லினக்ஸ் வெச்சிருக்கிறவங்க ரொம்பக் கம்மி மேடம். யாரு போட்டுக் குடுத்தாங்க?"

"தங்கச்சி. ஸ்கூல்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கிறா."

"அட, அவங்களையே கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே."

லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

டூல் வேலை செய்கிறது. மேலே ஒரு பச்சைக் கோடு, ஏறி இறங்கிக்கொண்டே ஓடுகிறது. கீழே ஒரு பட்டியல், வீட்டு நெட்டில் இருக்கிறவர்களெல்லாம் வரிசையாக. ரவுட்டர் ஒன்று. என் கம்ப்யூட்டர் இரண்டு. என் போன் மூன்று. ஒண்டிக்கட்டை வீட்டில் வேறு யார் இருக்கப் போகிறார்கள்?

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான்காவதாக ஒரு வரி வந்தது. பெயர் இல்லை. எண்களும் எழுத்துகளுமாக ஒரு நீளச் சரம், அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே இருந்த கோடு விர்ரென்று ஏறி உச்சியில் நின்றது. என் ஃபைல் பாதியில் தொங்கியது.

ஆறு மணி வாக்கில் நான்காவது வரி மறைந்தது. கோடும் இறங்கியது. மாட்டினாயா.

மார்ச் 6, வெள்ளி

நான்காவது வரி வரவில்லை. ஃபைல் போய்விட்டது. மேல் மாடியில் புதிதாக வந்திருக்கிறானே, எந்நேரமும் காதில் ஒயரோடு, அவனாகத்தான் இருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

இந்த அறையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. ஜன்னல் தெருப் பக்கம். மேசையைப் போட்டிருக்கிற இடத்தில் அம்மாவின் கட்டில் இருந்தது. தரையில் கால்கள் அழுந்திய நான்கு தடம் இன்னும் இருக்கிறது. துடைத்தால் போகவில்லை.

அம்மா போய் இரண்டு வாரத்துக்குள் கட்டிலை எடுத்துவிட்டேன் என்பதுதான் என் தங்கை குட்டிக்குக் கோபம். (நாற்பத்தாறு வயதில் அவள் குட்டி. அம்மா வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது.) ஸ்கூல் விட்டு வந்தவள் இந்த அறை வாசலில் நின்றாள். மெத்தையும் இல்லை, கட்டிலும் இல்லை. முதியோர் இல்லத்து வண்டி மத்தியானமே வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? கட்டிலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா போனவங்க வந்துடுவாங்களா?"

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஒரு வாரத்தில் ஸ்கூல் பக்கம் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். எட்டு மாதம் ஆகிறது. ஒரு போன் இல்லை. நானும் செய்யவில்லை. நான் எதற்குச் செய்ய வேண்டும்? வீட்டை விட்டுப் போனது அவள்.

அம்மாவை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டது இரண்டு பேரும்தான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அம்மாவின் பழைய போனும் போன மாதம் பேட்டரி உப்பி, மூடி வாயைப் பிளந்துவிட்டது. அதில் இருந்த வீடியோக்களையெல்லாம் பதறிப்போய்க் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்தேன். இன்னும் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் வரும்போது பார்க்கலாம்.

மார்ச் 12, வியாழன்

திரும்பவும் அதே நேரம், அதே நான்காவது வரி. வந்த கொஞ்ச நேரத்தில் கோடு ஏறிவிட்டது. இன்றைக்கு அனுப்ப வேண்டியது முணுமுணு டாக்டருடையது வேறு. எனக்கு வந்த கோபத்தில் யாரையும் கேட்கவில்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற முகவரியைப் பார்த்து, உள்ளே போய், வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இந்த வித்தையும் குட்டி சொல்லிக்கொடுத்ததுதான்.

பழைய பாஸ்வேர்ட் saptiyaa. அதையும் வைத்தது அவளே. அம்மா கட்டிலில் இருந்தபடியே நாளுக்குப் பத்துத் தடவை அதைத்தான் கேட்பாள், ஃபேன் ரிப்பேர் செய்ய வந்தவனைக்கூட. எட்டெழுத்து வேண்டும் என்று ரவுட்டர் அடம்பிடித்ததால் கடைசியில் ஒரு 'a' கூடுதல். "இந்த வீட்டு நெட்டுக்குள்ள வரணும்னா முதல்ல இதைச் சொல்லணும்" என்று குட்டி சிரித்தாள். அம்மாவுக்கு ஏகப் பெருமை.

மாற்றும்போது கை கொஞ்சம் தயங்கியது. அதற்காகத் திருடனுக்குக் கதவைத் திறந்தா வைக்க முடியும்? புதிதாகக் கரடுமுரடாக ஒன்று போட்டேன். போட்ட மறுநொடி நான்காவது வரி பட்டியலை விட்டுப் போயிற்று.

ஃபைல் மட்டும் போகவில்லை. ஆறு மணிக்கு மேல்தான் போனது. ஏன்?

மார்ச் 15, ஞாயிறு

புது பாஸ்வேர்ட் எனக்கே வாயில் நுழையவில்லை. போனில் போடுவதற்குள் இரண்டு தடவை தப்பு.

மார்ச் 19, வியாழன்

நான்காவது வரி இல்லை. ஆனால் ஐந்து மணிக்குக் கோடு விர்ரென்று ஏறியது. ஃபைல் தொங்கியது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சப்போர்ட் பெண்ணைப் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "மேடம், மேல ஓடுற கோடு உங்க கம்ப்யூட்டரோடது மட்டும்தான். பக்கத்தாளு எவ்வளவு இழுக்கறாங்கன்னு அதுல தெரியவே தெரியாது. இருக்காங்களா இல்லையான்னுதான் கீழே காட்டும்."

"அப்ப நெட்டை இழுக்கறது யாரு?"

"நீங்கதான் மேடம்."

மார்ச் 20, வெள்ளி

கண்டுபிடித்தாயிற்று. வியாழக்கிழமை ஐந்து மணிக்குத் தானாக ஓடுகிற மாதிரி ஒரு பேக்கப் வேலை இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எப்போதோ குட்டி வைத்தது. வியாழக்கிழமை அவளுக்கு ஸ்கூல் சீக்கிரம் விடும். வீட்டில் இருந்து சரிபார்க்கலாம் என்று அந்த நேரத்தை வைத்திருப்பாள். ஆபீஸ் வேலையைத் தொடாது. படங்கள் இருக்கிற ஃபோல்டரை மட்டும் எடுத்து, நெட் வழியாக அவள் கணக்கில் கொண்டுபோய் வைக்கிறது. இவ்வளவு நாளாகப் பத்துப் பதினைந்து படம்தான், ஓடியதே தெரியவில்லை. பிப்ரவரியில் அம்மாவின் வீடியோ அத்தனையையும் நான் அதே ஃபோல்டரில் கொட்டினேன் அல்லவா, அன்றிலிருந்து சுமை ஏறிவிட்டது.

"புதுசா வந்ததை மட்டும் அனுப்பாம, வாராவாரம் முழுசா முதல்லேர்ந்து அனுப்புது மேடம். கொஞ்சம் சோம்பேறித்தனமா வெச்சிருக்காங்க" என்றாள் சப்போர்ட் பெண். என் தங்கையைச் சோம்பேறி என்று சொல்ல இவள் யார்? எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்னபடி அந்த வேலையை நிறுத்திவிட்டேன்.

ஆக, மேல் மாடிப் பையன் மேல் பழி போட்டது பாவம். அப்படியானால் அந்த நான்காவது வரி யார்?

மார்ச் 23, திங்கள்

எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

தலையணை உறை தைக்கக் கொடுத்ததை வாங்கக் கீழே டெய்லர் கடைக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே கடை. மெஷினை நிறுத்தாமலே டெய்லர் அண்ணன் கேட்டார்: "தங்கச்சி ஏம்மா போன வாரம் வரல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எந்தத் தங்கச்சி?"

"உங்க தங்கச்சிதாம்மா. பிப்ரவரியிலேர்ந்து வியாழக்கிழமையானா வந்துடுவாங்களே. அந்த ஸ்டூல்லதான் உக்காருவாங்க. 'அக்கா மேல இருக்காங்க, போங்களேன்'னு நானும் ஒவ்வொரு தடவையும் சொல்றேன். 'போறேன் அண்ணே, போறேன்'னு சொல்லிட்டு உக்காந்தே இருப்பாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு எந்திரிச்சுப் போயிடுவாங்க. நீங்க சொல்லிவிட்டுத்தான் வராங்களாக்கும்னு நெனச்சேன்."

ஸ்டூலைப் பார்த்தேன். இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே என் அறை.

"கடைசியா வந்தன்னைக்கு என்ன ஆச்சுன்னு தெரியலம்மா. போனைப் பாத்துட்டே இருந்தவங்க, சட்டுனு முகம் மாறிட்டாங்க. ஏதோ ரெண்டு மூணு தடவை தட்டிப் பாத்தாங்க. அப்புறம், 'அண்ணே, இனிமே நான் வந்து உங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்'னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாங்க. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு."

பன்னிரண்டாம் தேதி. நான் மேலே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் கீழே உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரே ஒரு தளம். அவள் போன் இந்த வீட்டை மறக்கவில்லை, பக்கத்தில் வந்ததும் தானாக ஒட்டிக்கொண்டது. நான் வெட்டிவிட்டேன். அவள் கையில் இருக்கும்போதே வெட்டிவிட்டேன். அவளுக்குத் தெரியாதா என்ன, கம்ப்யூட்டர் படித்தவள். பாஸ்வேர்ட் கேட்டிருக்கும். அம்மாவோட வார்த்தையைப் போட்டுப் பார்த்திருப்பாள். தப்புன்னு சொல்லியிருக்கும். ஒரு வேளை தப்பா அடிச்சிட்டோமோன்னு திரும்பத் திரும்ப அடிச்சிருக்கா—

முதலில் கட்டில். அப்புறம் அம்மாவோட வார்த்தை. போதாததற்கு வெள்ளிக்கிழமை அந்தப் பேக்கப்பையும் நிறுத்தித் தொலைச்சேன். திட்டம் போட்டுச் செய்தால்கூட இவ்வளவு கச்சிதமா ஒருத்தியை அடிச்சுத் துரத்த முடியாது. என்னடி குட்டி, பதினாறு படி. ஏறி வந்து கதவைத் தட்டி நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா.

மார்ச் 24, செவ்வாய்

பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டேன். என் போனிலும் மாற்றினேன். பேக்கப்பைக் காலை நேரத்துக்குத் தள்ளி ஓட விட்டேன். டூலில் யாராவது புதிதாக வந்தால் மணி அடிக்கிற வசதி இருக்கிறது. அதையும் போட்டு வைத்தேன்.

மார்ச் 26, வியாழன்

மூன்று வரிதான். ஃபைல் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. அதனால் எனக்கு என்ன?

மார்ச் 28, சனி

போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மத்தியானம் இன்னொரு தடவை. எடுக்கவில்லை. செய்தி அனுப்பலாம் என்று எழுதினேன். 'பாஸ்வேர்டை உனக்காக மாற்றவில்லை, நீ என்று தெரியாது' என்று ஆரம்பித்தால் நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு நாள் முழுக்க அடுத்தவர்கள் பேசுவதைப் பிழையில்லாமல் எழுதுகிறேன். எனக்கென்று ஒரு வரி எழுத வரவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

நான்கரைக்கு மணி அடித்தது. நாற்காலி பின்னால் விழ எழுந்தேன். கூரியர் பையன். எப்போதோ நான் பாஸ்வேர்ட் கொடுத்தவன், கீழே நின்று பார்சலைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் போனும் இந்த வீட்டை மறக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

கட்டிலைக் கேட்டுப் பார்க்கலாம் என்று முதியோர் இல்லத்துக்குப் போனேன். புதுக் கட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு அதை எடுத்து வந்துவிடலாம், குட்டி வந்தால் காட்டலாம் என்று ஒரு கணக்கு.

பொறுப்பாளர் அம்மாள் நல்ல மாதிரி. உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கட்டில். தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது, தலைமாட்டில் அம்மாவின் மருந்துப் பையை மாட்ட நாங்கள் அடித்த ஆணி. அதில் வேறு யாரோ ஒருவரின் மருந்துப் பை தொங்கியது. சின்ன உருவமாக ஒரு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் திரும்பி, "எம் பொண்ணா?" என்றார்.

கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கட்டில் அசைந்தபோது அதே கிறீச் சத்தம்.

அந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே அதைக் கொடுத்தேன். இதை இதுவரை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. அம்மா போன பிறகும் ராத்திரியில் அந்த அறையிலிருந்து கிறீச்சென்று கேட்கும். அம்மா புரண்டு படுக்கிறாள் என்று எழுந்து ஓடுவேன். காலிக் கட்டில். இரண்டு வாரம் அப்படி ஓடினேன். குட்டி நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாள், எழுப்பவில்லை. இடம் வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்று பகலில் சொன்னதெல்லாம் சாக்கு.

வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இல்லை.

ஏப்ரல் 11, சனி

டெய்லர் அண்ணன் குட்டியின் அறைக்குத் திரைச்சீலை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். விலாசம் அவரிடம் இருந்தது. சாயங்காலம் போனேன்.

ஸ்கூலுக்குப் பின்னால் ஒரு சந்து. நீள வீடு, தரைத் தளத்தில் கடைசி அறை அவளுடையது. வாசலில் அவள் செருப்பு. ஜன்னலில் டெய்லர் அண்ணனின் நீலத் திரை, உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது.

தட்டக் கையைத் தூக்கினேன். அப்போது என் பையில் போன் கத்தத் தொடங்கியது. டிங், டிங், டிங் என்று வரிசையாக, ஆபீஸ் செய்தி, சப்போர்ட் பெண்ணின் செய்தி, எல்லாம் ஒரேயடியாக. வெளியே போனால் நெட்டை அணைத்து வைக்கிறவள் நான். இது எப்படி?

எடுத்துப் பார்த்தேன். வைஃபையில் இருந்தது. பெயர் 'முதல் மாடி'.

அது எங்கள் வீட்டு வைஃபையின் பெயர். குட்டி தன் ரவுட்டருக்கும் அதே பெயரை வைத்திருக்கிறாள், தரைத் தளத்தில் இருந்துகொண்டு. பெயர் மட்டும் ஒன்றாக இருந்தால் என் போன் உள்ளே போகாது. பாஸ்வேர்டும் அதேதான். நான் போன மாதம் போட்ட அந்தக் கரடுமுரடு இன்னும் இருந்திருந்தால், என் போனும் அவள் வாசலில் ஊமையாகத்தான் நின்றிருக்கும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படித் தட்டுவது? என்ன சொல்வது? கையை இறக்கிவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திருடி மாதிரி வந்துவிட்டேன்.

பதினாறு படி ஏறியிருக்கக் கூடாதா என்று அவளைக் கேட்டேனே. எனக்கு ஒரு படிகூட இல்லை. வெறும் வாசல்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் குட்டியிடமிருந்து செய்தி.

'நேத்து சாயங்காலம் என் நெட்ல உன் போன் வந்துச்சு. AkkaPhone. நான் வெச்ச பேரு. ஏன் தட்டல?'

ஒன்பது மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தால் இன்னொரு ஒன்பது மாதம் ஓடிவிடும் என்று பட்டென்று எழுதினேன்.

'நீ ஏன் மேல ஏறல?'

பதில் வரவே இல்லை. மத்தியானம் வரைக்கும் பைத்தியக்காரி மாதிரி போனை வைத்துக்கொண்டு சுற்றினேன். அப்புறம் வந்தது.

'வியாழக்கிழமை வரேன்.'

ஏப்ரல் 16, வியாழன்

நான்கே முக்காலுக்கு மணி அடித்தது. பட்டியலில் நான்காவது வரி. கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். நேரமானது. டெய்லர் அண்ணனின் மெஷின் சத்தம் நின்றது. பிறகு படியில் செருப்புச் சத்தம்.

இளைத்துவிட்டாள். முன்னால் நரைத்திருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை, நேராக இந்த அறைக்குள் வந்தாள். மேசையைப் பார்த்தாள், தரையில் இருக்கிற தடங்களைப் பார்த்தாள்.

"மேசையை வேணா ஹாலுக்கு மாத்திடறேன்" என்றேன்.

"வேண்டாம். இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

பையைக் கீழே வைத்தாள். அப்படியே வெறுந்தரையில், நான்கு தடத்துக்கும் நடுவில் படுத்துக்கொண்டாள். பாதி உடம்பு மேசைக்கு அடியில், தலை என் காலடியில். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

"கட்டிலைக் குடுத்ததுக்காகக் கோபம் இல்லக்கா" என்றாள், மேசையின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டே. "மெத்தையில அம்மா வாசனை இருந்துச்சு. ஒரே ஒரு ராத்திரி அதுல படுத்துக்கணும்னு இருந்தேன். நீ என்ன நெனப்பியோன்னு தள்ளிப் போட்டுட்டே வந்தேன். அன்னைக்கு ராத்திரி படுத்துடணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஸ்கூல்லேர்ந்து வந்தேன்."

கிறீச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன், ராத்திரியில் எழுந்து ஓடியதைச் சொன்னேன். "என்னை எழுப்பியிருக்கலாம்ல?" என்றாள். எழுப்பியிருக்கலாம்.

"பிப்ரவரியில அம்மா வீடியோ எல்லாம் என் கணக்குல வந்து விழுந்துச்சு" என்றாள். "பேக்கப் தானா ஓடும்னு எனக்குத் தெரியாதா, நான் போட்டதுதானே. ஆனா அந்த ஃபோல்டர்ல அதைக் கொண்டுவந்து வெச்சது நீதானே. எனக்காகத்தான் நீ வெச்சேன்னு நெனச்சேன். அதான் வர ஆரம்பிச்சேன். ஜன்னல் வழியா நீயா ஒரு நாள் கூப்பிடுவேன்னு உக்காந்திருந்தேன்."

ஆமாம், உனக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளிடம் பொய் வரவில்லை. "பேட்டரி உப்பிடுச்சுன்னு மாத்தினேன்டி. உனக்குப் போகுதுன்னே எனக்குத் தெரியாது" என்றேன்.

மேசைக்கு அடியில் அவள் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். சிரிப்பில்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். நானும் தரையில் இறங்கி உட்கார்ந்துகொண்டேன்.

"உன் ரூமுக்கும் ஏன் அதே பேரு, அதே பாஸ்வேர்ட்?" என்று பிறகு கேட்டேன்.

"போனுக்கும் லேப்டாப்புக்கும் மறுபடி ஒரு தடவை சொல்லிக்குடுக்கணுமேன்னு சோம்பேறித்தனம்" என்றாள்.

இங்கேயே வந்துவிடு என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. இந்த வீட்டுக்குள் வந்தால் இன்னமும் காது அந்த அறைப் பக்கமே போகிறதாம். வியாழக்கிழமை வருகிறேன் என்றாள். சரி என்றேன். வற்புறுத்தவில்லை. கட்டிலும் இல்லை, அம்மாவும் இல்லை; எதைக் காட்டி வற்புறுத்துவது?

இருட்டுவதற்குள் கிளம்பினாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். டெய்லர் கடையில் ஏதோ சொல்லிவிட்டுத் தெருமுனை திரும்பினாள். கம்ப்யூட்டருக்கு வந்தபோது நான்காவது வரி சாம்பல் நிறமாகியிருந்தது, ஆள் இப்போது இல்லை என்று அர்த்தம். எண்களை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'குட்டி' என்று அடித்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

மத்தியானத்திலிருந்து மழை. பட்டியலில் மூன்று வரிதான், குட்டி சாம்பல் நிறத்திலேயே இருந்தாள். ஃபைலை அனுப்பிவிட்டு ஜன்னலைச் சாத்தும்போது போன் வந்தது.

"மழைக்கா. இன்னைக்கு வரல. பாத்துட்டு உக்காந்திருப்பியேன்னு பண்ணினேன்."

"சரி, நனையாதே."

"சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். பொய்தான். போனை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.